பதினான்காவது கேள்வி

கைபேசி மறுபடியும் என் பெருவிரலை நம்பவில்லை.
துடைத்து வைத்தேன். எச்சில் தொட்டு வைத்தேன்.
இடக்கை விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று.
பதினேழு வருடத் தீப்பொறி
ரேகையை மேய்ந்துவிட்டது.
கடைசியில் நான்கு எண்ணைத் தட்டி உள்ளே போனேன்.
வணக்கம், சிகாங்கெசிலே.
பாடம் ஆறு. மீதம் நாற்பத்தொரு நிமிடம்.

புலவாயோவில் மின்சாரம் ஐந்து மணிக்கே போய்விட்டது.
பத்துக்கு மேல்தான் டேட்டா மலிவு.
சிதாபிலே தன் கணக்குப் பாடத்தை முடித்துவிட்டு
போனை என் மடியில் போட்டுத் தூங்கிவிட்டாள்,
இருபத்தெட்டு சதவீதம் சார்ஜோடு.

வேகன் பட்டறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்:
ஜூனுக்குள் முடிக்காதவருக்குப் பழைய கூலி.
எங்களில் பாதிப் பேர் சிரித்தோம்.
இரும்பை ஒட்டத் திரையைப் பார்ப்பதா?
குரல் கொடுக்கிறவன் எந்த ஊரோ,
உருகும் எஃகைப் பற்றி
ஆறிப்போன தேநீரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறான்.
வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பேன்.

பதினான்காவது கேள்வி.
வெல்டிங் தையலின் ஓரத்தில் பள்ளம் விழக் காரணம்?
யோசிக்கவே இல்லை:
ஈரமான எலக்ட்ரோடு.
ஸ்டோர்காரன் முகத்துக்கு நேரே
எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் இதை.
சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது.

எனக்கா?

விடையைத் தொட்டால் ஒரு காணொளி.
ஒரே ஒரு நொடியை
இரண்டு நிமிடமாக இழுத்து வைத்திருக்கிறார்கள்.
கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்
இத்தனை நாள் நான் கண்டதெல்லாம் ஒரு பச்சை நிலா.
இப்போதுதான் பார்க்கிறேன்:
வில் தகட்டின் விளிம்பைக் கடிக்கிறது,
குழி பறிக்கிறது,
பின்னாலேயே உருகிய குளம் ததும்பி வருகிறது
அந்தக் குழியை நிரப்ப.
அதற்குள் கை போய்விட்டது.
குளம் பாதி வழியில் உறைகிறது.
பள்ளம் பள்ளமாகவே ஆறுகிறது.

யாருடைய கையோ. கையுறை போட்டிருந்தது.
ஆனால் அந்த அவசரத்தை எனக்குத் தெரியும்.
நாலு நாற்பது கோம்பியைப் பிடிக்கும் அவசரம் அது,
பூட்டிய வீட்டு வாசலில்
பள்ளிப்பையோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிற அவசரம்.

ஒன்பது முறை ஓட்டினேன்.
டேட்டா தீர்ந்து வட்டம் சுற்றத் தொடங்கியது.

திரையில் பின்னால் போக ஓர் அம்புக்குறி உண்டு.
இருட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்,
ஹ்வாங்கே நிலக்கரியைச் சுமந்துகொண்டு
என் அவசரங்கள் எந்தெந்தத் தண்டவாளத்தில்
இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்று.

வியாழக்கிழமை 4417 உள்ளே வந்தது,
பிரேக் பார்க்க.
அடியில் படுத்து டார்ச் அடித்தேன்.
என் கையெழுத்து எனக்குத் தெரியாதா.
ஓரமாக நகத்தை ஓட்டினேன்,
நகம் விழுந்தது.
சாக்பீஸால் கோடு போட்டு
கிரைண்டரை எடுத்தேன்.
நான் தைத்ததை நானே பிரிக்கையில்
பொறி முகத்துக்கே வந்தது.

துமெஸ்வேனி குனிந்து பார்த்தார்.
"அதை யார் திறக்கச் சொன்னது?
தாளில் பிரேக் மட்டும்தானே?"

"பதினான்காவது கேள்வி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நேர அட்டையில்
ஏதோ எழுதிக்கொண்டு போனார்.
எவ்வளவு பிடிப்பார் என்பது சம்பளத்தன்று தெரியும்.

முகமூடியை இறக்கினேன்.
முதலில் கை கேட்கவில்லை, ஓடத்தான் பார்த்தது.
இரு, என்றேன், விளிம்பில் கொஞ்சம் இரு.
பச்சை நிலாவுக்குப் பின்னால்
குளம் வந்து சேர்ந்திருக்கும் என்று
கணக்குப் பண்ணி நகர்ந்தேன்.

நாலு நாற்பது கோம்பி போய்விட்டது.
பாடம் ஆறில் இன்னும்
பன்னிரண்டு நிமிடம் பாக்கி.